பஸ் நிறுத்தத்தில் எழுதிய மர்மங்கள்

நூலகர் வேலை என்பது முக்கால்வாசி புத்தகம் எடுத்துக் கொடுப்பதல்ல. ஃபேன் ஓடுமா, பேப்பர் வந்ததா, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்வது. ஏதாவது ஒரு கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவர் என்றால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே ஜாதகக்காரர்கள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு மனமகிழ் மன்றத்தின் வாசகசாலையில் நான் கான்ட்ராக்ட் நூலகர். ஒரு பெரிய அறை, நாலு அலமாரி, ஒரு நீள மேஜை. வாசலுக்கு நேர் எதிரே ஷிப்ட் பஸ் நிறுத்தம். போன ஆடியில் மன்றத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார். சுந்தரேசன் சார். சுரங்கத்தில் சர்வே செக்‌ஷன். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாத மனிதர். வந்ததும் வராததுமாக வருகைப் பதிவேட்டைப் புரட்டி, "ஒரு நாளைக்கு நாலு கையெழுத்து. அதுல ரெண்டு உங்களோடது" என்றார். உண்மைதான். வரும்போது ஒன்று, போகும்போது ஒன்று போடுவேன். பக்கம் காலியாக இருந்தால் மனசு கேட்காது.

பொங்கல் வரை கெடு கொடுத்தார். அதற்குள் ஆள் வரவில்லை என்றால் அறையை விளையாட்டு அறையாக்கிவிடுவது, புத்தகங்களை மூட்டை கட்டி ஸ்டோருக்கு அனுப்புவது, எனக்கு வணக்கம் சொல்வது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. 'இன்று விடுமுறை' என்பதைத் தவிர அது எதையும் கண்டதில்லை. உள்ளே ஓர் அலமாரி நிறைய வரலாற்று மர்மப் புத்தகங்கள், தூசி கலையாமல் இருந்தன. இரண்டையும் சேர்த்து வைத்தேன். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கண்ணில் படும்படி தினம் ஒரு விடை தெரியாத கேள்வி, கலர் சாக்பீஸில்.

ஆளில்லாத கப்பல்

முதலில் எழுதியது, நடுக்கடலில் தனியாக மிதந்துகொண்டிருந்த ஒரு பாய்மரக் கப்பலைப் பற்றி. சாப்பாட்டுச் சாமான் இருந்தது, துணிமணி இருந்தது, சரக்கு இருந்தது. ஆட்கள் மட்டும் இல்லை. கப்பலோடு இருந்த ஒரே சின்னப் படகையும் காணோம். என்ன ஆனார்கள் என்று இன்றுவரை தெரியாது. எழுதிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிடம், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒருவர் நுழைந்தார். ஆறுமுகம், அனல்மின் நிலையத்தில் பாய்லர் ஆபரேட்டர், நெல்லிக்குப்பத்துக்காரர். பாத்ரூம் கேட்கப்போகிறார் என்று கையை நீட்டத் தயாரானேன். அவரோ, "லாக் புக்குல கடைசியா என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். லாக் புக் என்றால் ஷிப்டில் நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும் நோட்டு. பிளான்ட்டில் அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் யாரும் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. வீட்டில் கல்யாணமே நடந்தாலும் சரி. "அப்டி இருக்க, மொத்த க்ரூவும் ரிலீவர் வராமயே எறங்கியிருக்குதுன்னா, உள்ள ஏதோ வெடிக்கப் போவுதுன்னு பயந்திருக்கான் மேடம். சரக்கு என்ன ஏத்தினாங்க?" என்றார். புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். பீப்பாய் பீப்பாயாகச் சாராயம். அதன் ஆவி தீப்பிடிக்கும் என்று பயந்து கொஞ்ச நேரம் படகில் இறங்கியிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் ஊகங்களில் ஒன்று. அதைப் படித்துக் காட்டினேன். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அவர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இதுக்கா இத்தினி வருஷம் ஆராய்ச்சி? ஒரு பாய்லர் ஆபரேட்டரக் கேட்டிருந்தா டீ ஆறறதுக்குள்ள சொல்லியிருப்பான்!"

முகமூடிக் கைதி

வெற்றி தலைக்கேறியது. தொடர் கதை மாதிரி எழுதினால் தினமும் வருவார்களே என்று ஒரு யோசனை. முகத்தை யாருக்கும் காட்டாமல் பிரான்ஸ் தேசத்துச் சிறைகளில் ஆயுள் முழுக்கக் கிடந்த கைதியைப் பற்றித் திங்கட்கிழமை எழுதி, 'யார் அவர்? புதன்கிழமை பாருங்கள்' என்று முடித்தேன். ஷிப்ட் மாறும் ஊரில் செய்யக் கூடாத காரியம் அது. திங்கட்கிழமை பார்த்தவர் செவ்வாயோடு வேறு ஷிப்டுக்குப் போய்விடுகிறார். புதன்கிழமை அவர் பஸ் ஏறும் நேரத்தில் எங்கள் வாசலில் வெளிச்சமே இல்லை. அவர் திரும்பி வருவதற்குள் பலகையில் வேறு மர்மம் வந்துவிடுகிறது.

அப்படித் தவறவிட்ட ஒருவர், கரி ஏற்றிப் போகும் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருப்பவர், தன் வார ஓய்வு நாளில் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். மத்தியானம் மூன்று மணி. நான் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கண்ணசரும் வேளை. கதவைத் திறந்தால், வணக்கம்கூடச் சொல்லாமல், "யாருங்க அவன்?" என்றார். ராஜாவின் அண்ணன் என்று சிலர் சொல்கிறார்கள், வேலைக்காரன் என்று சிலர் சொல்கிறார்கள், உறுதியாக யாருக்கும் தெரியாது என்றேன். அவர் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்: "தெரியாதுன்றத திங்கக்கெழமையே எழுதியிருந்தீங்கன்னா, நான் அஞ்சு நாள் தூங்கியிருப்பேன் மேடம்."

நிற்காமல் ஆடிய ஊர்

வாசகசாலையைப் பெருக்குபவர் செல்வி. அவரும் கான்ட்ராக்ட். கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடிந்ததும் பஸ் ஏறி வந்து, பத்து மணிக்குள் நாலு கட்டடம் பெருக்கியாக வேண்டும். காணி நிலம் இல்லாத குடும்பம். அம்மாவும் அப்பாவும் கடைசிவரை பிறத்தியார் வயலில் நாற்று நட்டவர்கள். பலகையைத் துடைப்பதும் அவர் வேலைதான். ஆனால் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்காமல் துணியை வைக்க மாட்டார். இதனால் எனக்குப் புது மர்மம் எழுத அரை மணி நேரம் தாமதமாகும். கோபித்துக்கொள்ள மனம் வந்ததில்லை.

ஒரு நாள் பலகையில் இருந்த மர்மம் இது: ஐரோப்பாவில் ஒரு நகரத்தில் ஒரு பெண் தெருவில் இறங்கி ஆடத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. ஒவ்வொருவராகப் பல பேர் சேர்ந்தார்கள். நாள் கணக்கில் ஆடி, சிலர் விழுந்து செத்தே போனார்கள் என்கிறார்கள். ஆடித் தீர்த்தால் சரியாகும் என்று ஊர்ப் பெரியவர்கள் மேடை போட்டு, வாத்தியக்காரர்களையும் அமர்த்தினார்களாம். பேய் என்றும், கெட்டுப்போன தானியம் என்றும், பஞ்சத்தில் மனம் பேதலித்தது என்றும் ஆளுக்கொன்று எழுதியிருக்கிறார்கள். செல்வி கடைசி வரியைப் படித்துவிட்டு, துடைக்காமல் என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. "நிக்க முடியலன்னு அழுவறவளுக்கு மேளம் வெச்சுக் குடுத்தாங்களா? ஒரு சொம்பு தண்ணி குடுத்து, ஒக்காரும்மான்னு சொல்ல அந்த ஊருல ஒரு ஆளு இல்லியாங்க?"

ஊர் காலி

மார்கழி வந்தது. பதிவேட்டில் தினம் பத்துக் கையெழுத்து ஏறிக்கொண்டிருந்தது. என்னுடையது ஒன்றுதான். ஆனால் சுந்தரேசன் சாருக்குப் பத்து போதாது என்று தெரியும். பெரிதாக ஒன்று எழுத வேண்டும் என்ற ஆசையில், ராஜஸ்தான் பாலைவனத்தில் இருக்கும் ஒரு பாழூரை எடுத்தேன். வீடும் தெருவும் கோயிலும் நிற்கின்றன. ஒரே இரவில் எல்லோரும் கிளம்பிப் போய்விட்டார்கள் என்பது கதை. வரிக் கொடுமை என்கிறார்கள், தண்ணீர் வற்றியது என்கிறார்கள். தீர்மானமாக யாருக்கும் தெரியாது. தலைப்பை மட்டும் சிவப்பிலும் மஞ்சளிலும் ஒரு முழ உயரத்துக்கு எழுதினேன்: 'ஒரே இரவில் ஊர் காலி!' ராஜஸ்தான் முதலான விவரமெல்லாம் கீழே, வெள்ளையில், பொடி எழுத்தில்.

ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பொடி எழுத்து தெரியாது என்பது எனக்கு உறைக்கவில்லை. கம்மாபுரம் பக்கம் போகும் பஸ்ஸில் இருந்தவர்கள் தலைப்பை மட்டும் படித்தார்கள். சுரங்கத்துக்கு நிலம் எடுப்பார்கள், எடுக்க மாட்டார்கள் என்று வருடக்கணக்கில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள் அவை. 'நெய்வேலியில போர்டே வெச்சுட்டாங்களாம்' என்று ஆறு மணிக்குள் பேச்சு பரவிவிட்டது. மறுநாள் காலை நான் கதவைத் திறக்க வந்தபோது வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள். கையில் மஞ்சள் பை, பைக்குள் பட்டா நகல், ரேஷன் கார்டு. முன்னால் நின்றவர் தனபால், ஐம்பது வயதிருக்கும், கரும்பும் நெல்லும் போடுகிற விவசாயி. "லிஸ்ட்டக் காட்டுங்கம்மா. எங்க ஊரு எத்தினியாவதா இருக்குது?" என்றார்.

பலகைக்கு அழைத்துப்போய், பொடி எழுத்தில் விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். கூட்டத்தில் ஓர் அம்மாள் படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். ராத்திரி முழுக்க அடுப்பு மூட்டவில்லை என்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆள் சேர்க்கும் அவசரத்தில், யார் கண் முன்னால் எதை எழுதுகிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. கை கூப்பி மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. தனபால் மட்டும் பொடி எழுத்தை இன்னொரு முறை தானே படித்துவிட்டுச் சொன்னார்: "காரணம் தெரியலன்னா எழுதியிருக்கீங்க? எங்களுக்கு அந்தக் கவல இல்லம்மா. எங்க ஊரு போச்சுன்னா காரணம் பச்சப்புள்ளைக்கும் தெரியும், கீழ கரி கெடக்குது."

மஞ்சள் பை மறுபடி வந்தது

மத்தியானம் சுந்தரேசன் சார் வந்தார். நாலு இடத்திலிருந்து அவருக்கு போன் வந்திருந்தது. கத்தவில்லை. பலகையைத் தானே கழற்றிச் சுவரோரம் திருப்பி வைத்தார். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் வருவேன், சாவியைத் தயாராக வையுங்கள் என்றார். தப்பு என்னுடையதுதான். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வந்திருக்கும். வேலையைக் காப்பாற்றச் செய்த காரியமே வேலைக்கு உலை வைத்த நாள்.

மறுநாள் தனபால் மறுபடி வந்தார், கூட இரண்டு பேர். சண்டைக்குத்தான் என்று எழுந்து நின்றேன். அவர் அந்த ராஜஸ்தான் ஊர்ப் புத்தகத்தைக் கேட்டார். மூன்று பேரும் நீள மேஜையில் உட்கார்ந்து, ஒருவர் படிக்க இருவர் கேட்டார்கள். முடித்ததும் தனபால் கேட்ட கேள்வி எனக்கு இத்தனை வருடத்தில் தோன்றாதது. "இத்தினி பேரு போனாங்களே, ஒருத்தனாச்சும் நாங்க இன்னாரு, இதுக்குப் போறோம்னு எழுதி வெக்கலியா?" எழுதியிருக்கலாம், கிடைக்கவில்லை என்றேன். தங்கள் ஊரை எழுதவும் வரையவும் இடம் தர முடியுமா என்றார். ஊரிலேயே எழுதலாமே என்றேன். எந்தத் தெருவில் உட்கார்ந்து எழுதுவது என்பதிலேயே மண்டை உடையும், இங்கே என்றால் பொது இடம் என்றார். பொங்கல் வரைதான் இந்த அறை என்று உள்ளதைச் சொன்னேன். அவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "போவமோ இருப்பமோ தெரியாது. இருந்தா எங்க புள்ளைங்க படிக்கும். போயிட்டா, பின்னாடி வர்றவன் மர்மம்னு போர்டுல எழுத மாட்டான் பாருங்க!"

மேஜை முடிந்துவிட்டது

அன்றிலிருந்து தினம் ஆள் வந்தார்கள். சார்ட் அட்டைகளை ஒட்டி மேஜை நீளத்துக்கு விரித்தார்கள். பிடாரி கோயில், பள்ளிக்கூடம், மேலத்தெரு, கீழத்தெரு, எந்த போர்வெல்லில் எத்தனை அடியில் தண்ணீர். ஒரு புளியமரம் யாருடையது என்பதில் இரண்டு நாள் ஓடியது. ஷிப்ட் முடிந்து போகும் ஆறுமுகம்கூட ஒரு மணி நேரம் உட்கார்ந்து கோடு போட்டுக் கொடுத்தார். பதிவேட்டில் கையெழுத்துக்கு இடமில்லாமல் பின்பக்கம் எழுதினார்கள். சாவி கொடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது.

செல்வியும் அதே ஊர்தான். துடைப்பத்தைப் பிடித்தபடி தினமும் தள்ளி நின்று பார்ப்பார். ஒரு நாள் மெல்ல வந்து, "எங்க தெரு எங்கங்க?" என்றார். ஏரியை மேஜையின் கடைசி விளிம்பில் வரைந்திருந்தார்கள். கூலிக்காரர்களின் தெரு ஏரிக்கு அந்தப் பக்கம். தனபாலோடு வந்தவர் சாதாரணமாக, "அதுக்குள்ள மேஜ முடிஞ்சிடுச்சேம்மா" என்றார். வேண்டுமென்றே சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுருக்கென்றது. செல்வி குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்: "பட்டாவுலதான் எங்க பேரு இல்ல, சரி. மேஜ பத்தலன்னு இதுலயும் வுட்டுட்டீங்கன்னா, ஏரிக்கு அந்தாண்ட இருந்த சனம் எங்க போச்சுன்னு பின்னாடி யாராவது மர்மம்னு எழுதுவாங்களேங்க!"

வடக்கு எங்கே

தனபால் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சார்ட்டைச் சுருட்டி, "பெரிய மேஜ எங்க இருக்குது?" என்று என்னைக் கேட்டார். பெரிய மேஜை இருந்தது. அன்று காலைதான் லாரியில் வந்து, அறையின் மறுகோடியில் இறங்கியிருந்தது. புத்தம் புது டேபிள் டென்னிஸ் மேஜை, நடுவில் வலையோடு. விளையாட்டு அறைக்காக மன்றம் வாங்கியது. சாயங்காலம் சாவி வாங்க சார் வருகிற நாளும் அதுதான். எனக்கு இனிமேல் இழக்க என்ன இருக்கிறது? விரியுங்கள் என்றேன். வலைக்கு இந்தப் பக்கம் கோயிலும் தெருக்களும், அந்தப் பக்கம் புது அட்டை ஒட்டி ஏரிக்கு அப்பாலும். செல்வி வேலை முடிந்ததும் ஊருக்குப் போய்த் தன் தெருக்காரர்கள் எட்டுப் பேரை அழைத்துவந்தார். அவர்கள் சுவரோரமாகவே நின்றார்கள். நாற்காலிகளை நானே தூக்கிவந்து போட்டேன். உட்கார்ந்து, வீடு வீடாகப் பேர் சொன்னார்கள்.

ஐந்தரைக்குச் சுந்தரேசன் சார் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். "என் டேபிள் மேல என்ன இது?" சாவியை எடுத்து நான் அவர் பக்கமாக வைத்தேன். அவர் சாவியைப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "வடக்கு எங்க? வடக்குக் குறியே இல்லாம ஒரு மேப்பா? கோயில்லேர்ந்து ஏரிக்கர எவ்வளவு தூரம்?" ஒரு பெரியவர் பணிவாக, "ஒரு பீடி புடிக்கற தூரம் சார்" என்றார். சார் தலையில் கைவைத்துக்கொண்டார். "பீடிய நான் எந்த ஸ்கேல்ல போடறது?" செல்வி முன்னால் வந்து, நாளைக்குக் காலடி எண்ணி நடந்து பார்த்துச் சொல்கிறேன் என்றார். ஒரு காலடி எத்தனை அங்குலம் என்று சார் கேட்டார். செல்விக்குத் தெரியவில்லை. சார் பையிலிருந்து டேப்பை எடுத்தார், அறையில் செல்வியை நடக்கவிட்டு அளந்தார், பென்சிலைச் சீவச் சொல்லி வாங்கினார், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏரிக்கு அப்பால் இருந்த தெருவிலிருந்து ஆரம்பித்தார். ஏழரை மணிக்கு, சாவி வைத்த இடத்திலேயே கிடக்க, எரிச்சலோடு என் பக்கம் திரும்பினார்: "மொதல்ல இந்த நெட்டக் கழட்டுங்க மேடம், ஏரி நடுவுல போகுது!"

விடை தெரியாத கேள்விகளை எழுதி ஆள் பிடிக்கப் பார்த்த எனக்கு, விடை தெரிந்தவர்கள் இத்தனை பேர் வந்து சேர்ந்ததில் இருக்கும் ஒரே குறை, சித்திரை பிறந்தும் என் வாசகசாலையில் எனக்கு உட்கார நாற்காலி கிடைக்கவில்லை என்பதுதான்.